சத்தம் நின்ற இடம்

மகள் காதில் எப்போதும் இயர்போன். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போகும்போதும் அதுதான், வீட்டில் சோறு தின்னும்போதும் அதுதான். கேட்டுக்கொண்டே தனியாகச் சிரிப்பாள். பெண் பிள்ளை தனியாகச் சிரித்தால் பின்னால் ஒருவன் இருப்பான் என்று நினைக்கிற ஆள் நான். படிப்பை நிறுத்திவிடலாமா என்று மனைவியிடம் பேசியும் விட்டேன். மகள் எதிரிலேயேதான் பேசினோம். இயர்போன் மாட்டியிருக்கிறவளுக்கு எங்கே கேட்கப் போகிறது?

ஒருநாள் பிடித்துக்கொண்டேன். "இன்னாதான் கேக்குற?"

"டெத் மெட்டல்பா, இங்கிலீஷ் பாட்டு. புராக்ரசிவ் வகை."

"யாரு குட்த்தான்?"

"யாரும் குடுக்கல. நானே தேடிப் புட்ச்சேன்."

நான் நம்பவில்லை. முழு ஆல்பத்தையும் என் போனில் ஏற்றித் தந்தாள். "கேட்டுட்டு அப்பாலிக்கா திட்டு."

மறுநாள் கம்பெனி பஸ்ஸில், வேவு பார்க்கிற எண்ணத்தோடுதான் கேட்டேன். ஒருவன் அடித்தொண்டையில் உறுமினான். சாமி வந்தவர்கள்கூட இப்படி உறுமி நான் கேட்டதில்லை. தொடையில் தாளம் போட்டேன். நாலு நாலாக எண்ணினால் ஓர் அடி குறைந்தது. இதில் ஏதோ கள்ளத்தனம் இருக்கிறது என்று மறுபடி போட்டேன். ஏழாக எண்ணினால் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த ஏழு பிடித்துப்போனதும் உறுமலும் பிடித்துப்போனது. வெளியே சொல்லத்தான் வெட்கம்.

அப்போது பாட்டு நடுவில் சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. நான் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் எனக்கு வேலை. அங்கே சத்தம் இருக்கும்வரை நிம்மதி. நின்றால் கம்பி எங்கோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம், ஓட வேண்டும்.

"இன்னாபா, ஸ்டாப்பிங் வந்துட்ச்சா?" என்றார் பக்கத்து ஆள்.

காதில் ஒரே ஒரு கிடார் மெதுவாக வந்தது. கத்துகிறவனை நம்பலாம், குழைகிறவனை நம்ப முடியாது. உறுமுகிறவன் திரும்பி வந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன். "நல்லாத்தான் கீது. நடுவுல நிறுத்துனாங்க பாரு, அங்கதான் பயந்துட்டேன்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். அசல் என் பார்வை.

"நிறுத்துனா பயமா இருக்குதா உனுக்கு?"

"இருக்காதா பின்ன?"

"அப்ப என் படிப்ப நிறுத்தணும்னு அம்மாவாண்ட சொன்னியே, அதுக்கு மட்டும் பயமா இல்லியா?"

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் காதில் அப்போதும் இயர்போன் இருந்தது.