ஏழாம் நம்பர் பெட்டி

நம்பர் போட்டவன் நான். இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் இருந்தது எங்கள் வயர்லெஸ் அறை. நிக்கோபார் தீவுகளில் ஊருக்கு ஒரு வயர்லெஸ் பெட்டி. எழுபதுகளின் தொடக்கத்தில் பெட்டிகள் கூடிப்போய், எதை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரே குழப்பம். வடக்கிலிருந்து தெற்காக எண் கொடுத்தேன். கட்சாலுக்கு நாலு, கடைக்கோடியில் இருந்த காம்பல் பேக்கு ஏழு. வெள்ளை பெயிண்டில் பெட்டி மேலேயே எழுதினேன். இனி யாரும் ஊர்ப்பெயர் சொல்லக்கூடாது, எண் மட்டும்தான் என்று சுற்றறிக்கை வேறு. என்ன பெருமை எனக்கு!

கூட வேலை பார்த்த வங்காளி மட்டும் தலையை ஆட்டினார். "டப்பா கா நம்பர் அலக் ரக்கோ பாய், ஜகா கா நாம் அலக்." பெட்டி ரிப்பேருக்கு வரும் போகும், ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும், இரண்டுக்கும் ஒரே பெயர் வேண்டாம் என்பது அவர் கட்சி. "சலேகா, தாதா" என்று, இதுவே ஓடும் என்ற தெம்பில், அவர் வாயை அடைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு பெட்டிகள் ரிப்பேராகித் திரும்பிப் போயின. கப்பலில் மாற்றி ஏற்றிவிட்டார்கள். ஏழு என்று எழுதிய பெட்டி கட்சாலில் இறங்கியது, நாலு காம்பல் பேக்குப் போயிற்று. அங்கே ரப்பர் தோட்டத்தில் ஆபரேட்டர் புதுசு, சிலோனிலிருந்து வந்து குடியேறியவன். பெட்டியில் இருந்த எண்ணைத்தான் தன் எண் என்று நினைத்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு காலையில் அவன் கூப்பிட்டான். கேட்டுப் பழகாத குரல்.

"சார், பொஞ்சாதிக்கு நேத்துலேர்ந்து வலி. புள்ள குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. டாக்டர அனுப்புங்க சார். நாங்க இங்க ரப்பர்..."

"கதையெல்லாம் வேணாம்யா, நம்பரைச் சொல்லு!"

"ஏழு சார்."

வடக்கே கார் நிக்கோபார் தீவிலிருந்து டாக்டரை ஏற்றிக்கொண்டு மோட்டார் போட்டு உடனே கிளம்பியது, காம்பல் பேக்கு. கட்சால் போகிற வழியில்தான் இருக்கிறது. போட்டு அதைத் தாண்டிப் போயிற்று.

சாயங்காலம் மறுபடி கேட்டான். "போட்டு வருதா சார்?"

"வருதுய்யா. கடல் மோசமா இருக்கு, பொறு."

மறுநாள் காலை நாலாம் நம்பர் பெட்டி கூப்பிட்டது. பேசியது டாக்டர். "காம்பல் பே வந்துட்டோம். இங்க யாருக்கும் பிரசவம் இல்லையே?"

நாலு அங்கே என்றால் ஏழு கட்சாலில்தான் இருக்க வேண்டும். வங்காளி என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. போட்டைக் கட்சாலுக்குத் திருப்பச் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, டாக்டர் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவார்."

"இனிமே எதுக்கு சார்? ரெண்டும் போயிருச்சு. அவர வேற யாருக்காச்சும் அனுப்புங்க."

போட்டு ஏன் வரவில்லை என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவ்வளவு கோழை நான்.