ஒன்பதாம் நம்பர் வருத்தம்

வெர்னா ப்ளைத்துக்கு வருத்தம் தெரிவிப்பதுதான் வேலை. டாஸ்மேனியாவின் வடக்குக் கரையில் எங்கள் சின்ன நகராட்சிக்கு வரும் புகார்களுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பதில் எழுதினாள். குப்பைத்தொட்டியை எடுக்கவில்லையா, நான்காம் நம்பர் வருத்தம். பொருள் தொலைந்ததா, ஒன்பதாம் நம்பர். எல்லாம் தயாராக அச்சில் இருக்கும். நகராட்சி வக்கீல் சொல்லிவைத்த விதி ஒன்றுதான்: எவ்வளவு வேண்டுமானாலும் வருந்தலாம், "நாங்கள்தான் செய்தோம்" என்று மட்டும் எழுதக்கூடாது. பக்கத்து மேஜைக்காரி நான். அந்தக் கடிதங்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெர்னாவின் அம்மா இறந்தபின் அந்த வீட்டைக் காலி செய்தது அவள்தான். கொட்டகையில் இருந்த ஒரு தகரப்பெட்டி காணாமல் போனது. தங்கை லொரைனின் கணவன் மீன்பிடிக் கப்பலிலிருந்து எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. அவன் கடலிலேயே மூழ்கிப்போனவன். அன்று மாலையே லொரைன் போனில் கேட்டதற்கு, "நான் பாக்கவே இல்லையே" என்றாள் வெர்னா. லொரைன் நம்பவில்லை. அதோடு பேச்சு நின்றது. நான்கு வருஷம்.

ஓய்வு பெறும் வருஷம் வந்ததும் வெர்னாவுக்குத் தனிமை உறைத்தது. தங்கைக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினாள். "பெட்டி தொலைய நேர்ந்தது குறித்து ஆழ்ந்த வருத்தம். ஏற்பட்ட மனவேதனைக்கு வருந்துகிறோம்."

"வருந்துகிறோமா? உன்கூட வேற யாருடி வருந்துறா, மேயரா?"

"மரியாதையா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

அப்படியே தபாலிலும் போட்டுவிட்டாள். பத்து நாளில் லொரைனின் பதில் வந்தது, எங்கள் அலுவலக நடையிலேயே: "உங்கள் கடிதம் கிடைத்தது. இருபத்தொரு வேலை நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெர்னா எழுந்துபோய் அழுதுவிட்டு வந்தாள்.

"கொட்டகையத் தொடாதேன்னு அவ சொல்லியிருந்தா. அவசரத்துல நான்தான் குப்பைமேட்டுக்கு ஏத்தி அனுப்பிட்டேன். அப்புறம் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"அதை எழுது."

"எழுதிட்டா அப்புறம் தப்பிக்க வழியே இல்லையே."

"வழி இருந்ததாலதான் நாலு வருஷம் ஓடிடுச்சு."

மதியச் சாப்பாட்டுக்கு வாங்கிய இறைச்சி பேஸ்ட்ரி மேஜையிலேயே ஆறிப்போக, கையால் நாலு வரி எழுதினாள். நீ தொடாதே என்றாய். எனக்குக் கேட்டது. நான்தான் தூக்கிப் போட்டேன். பிறகு பொய் சொன்னேன். வருத்தம் என்ற சொல்லே அதில் இல்லை.

அடுத்த வாரம் லொரைன் அலுவலகத்துக்கே போன் செய்தாள். அவள் குரல் என் மேஜை வரை கேட்டது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, குப்பைமேட்டுக்குப் போய்த் தேடியிருப்பேனே, வெர்னா."

வெர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு "ஆமாண்டி" என்றாள்.

இருவரில் யாரும் போனை வைக்கவில்லை.