ஏ1 முதல் ஏ90 வரை

கோதண்டம் சாரைப் போல ஒரு கஞ்சனை நான் பார்த்ததில்லை. காசில் அல்ல, தெரிந்ததைச் சொல்வதில். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் வால்வு கம்பெனிக்கு 1986-ல் கம்ப்யூட்டர் வந்தபோது புரோகிராம் எல்லாம் எழுதியவர் அவர்தான். அதில் வரும் ஒவ்வொரு விவரத்துக்கும் எடை, பார்ட்டி பெயர் என்று புரிகிற மாதிரி பெயர் வைக்காமல் ஏ1, ஏ2 என்று ஏ90 வரை எழுதிவைத்திருந்தார். எது எதற்கு என்பது அவர் மண்டைக்குள் மட்டும். கேட்டால், "சொல்லிக் குட்த்துட்டா அப்பறம் என்னிய இன்னாத்துக்கு வேலைல வச்சிப்பாங்க?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கள்ளிக்குப்பத்து வீட்டில் அவரும் மனைவி தாட்சாயிணியும் இரண்டே பேர். 1991 மார்ச்சில் அந்த அம்மா சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாம் நாள், பெரிய ஆர்டர் ஒன்றில் புரோகிராம் மக்கர் செய்தது. பில் அச்சாகாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மனைவி பக்கத்திலிருந்த சாரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்; அரை மணி நேரம் போனில் கத்தினார்.

"வசந்தா, ஏ17-அ பாரும்மா... ஐயோ, அது இல்ல, ஏ71!"

எழுதிய மனுஷனுக்கே திரையைப் பார்க்காமல் நினைவு வரவில்லை. கடைசியில், "இரு, நானே வர்றேன்," என்றார். வந்தார். இருபது நிமிஷத்தில் சரிசெய்தார். லாரி கிளம்பும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தாட்சாயிணி கடைசிவரை, "அவரு எங்க?" என்று கேட்டாராம். பாவி மனுஷா! அன்று வந்த ஆத்திரத்தையும் அழுகையையும் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

காரியம் முடிந்து வந்தவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏ1-லிருந்து ஆரம்பித்தார். நான்கு தடவை கேட்டாலும் சலிக்காமல் சொன்னார். "இப்ப மட்டும் ஏன் சார்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உன் ஊட்ல யாருனா படுத்துட்டா நீ அங்கதான் இருக்கணும். இங்க இல்ல."

ஏ90 முடிய ஐந்து மாதமானது. "இனிமே நீங்க எப்ப வேணும்னாலும் லீவு எடுக்கலாம் கோதண்டம். பத்து நாள் வீட்டுல இருந்துட்டு வாங்க," என்றார் மானேஜர்.

"ஊட்ல யாரு சார் கீறாங்க?"

மறுநாள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.