கரியடுப்பு மூட்டி எடுத்த படம்

எழுபத்தெட்டாம் வருஷம் என்று நினைவு. கொடைக்கானலில் சீசன் களைகட்டியிருந்தது. என் கணவர் அங்கே ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்த்தார். மார்பில் கட்டி என்று நான் மதுரைக்குப் போனதில், ஒரு பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே வந்து சேரச் சொன்னார்.

ஊர் திரும்பியதும் எனக்கு ஒரு கிறுக்கு ஆசை வந்தது. உடம்பு முழுசாக இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பூ ஜாடி பக்கத்தில் விறைத்து நிற்கிற ஸ்டூடியோ படம் இல்லை. ரவிக்கை போடாமல், சேலையை மட்டும் சுற்றிக்கொண்டு, முடியை அவிழ்த்துவிட்டு, என் வீட்டுக்குள் நான் இருக்கிற மாதிரி. அவரிடம் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "எடுத்துக்க புள்ள. இதுக்குப் போயி ஏன் அழுவுற?" என்றார்.

கடைத்தெருவில் புருஷனும் பெண்சாதியுமாக ஒரு ஸ்டூடியோ நடத்தினார்கள். அந்த அக்காவுக்கும் படம் எடுக்கத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் அக்கா கேட்ட தொகையில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கல்யாணத்துக்கே படம் எடுத்துவிடலாம்! பேரம் பேசுவதில் நான் லேசுப்பட்டவள் இல்லை. சந்தையில் மன்னவனூர் கேரட்காரர்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "ஏங்க்கா, ஒத்தப் படத்துக்கா இம்புட்டு?" என்று ஆரம்பித்தேன்.

அக்கா கோபப்படவில்லை. "படத்துக்கு இல்ல தங்கச்சி. சீசன்ல அரை நாளு கடையச் சாத்தணும். இந்தக் குளிருல நீ தோளத் தொறந்துக்கிட்டு எப்பிடி உக்காருவ? ரூமு சூடாகுற வரைக்கும் கரி போடணும். பிலிம எங்க வீட்டுக்காரரு கையில குடுக்காம நானே கழுவணும். நெகட்டிவையும் ஒன் கையிலயே தந்துருவேன்" என்றார்.

சாதாரணமாக நெகட்டிவ் கடையில்தான் இருக்கும். படம் நன்றாக வந்துவிட்டால் வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியும் வைப்பார்கள். அதை நினைத்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் சாரல். என் கணவர் சாத்திய கடை வாசலில் குடையோடு நின்று, வந்தவர்களையெல்லாம் "இன்னிக்குக் கடை இல்லைங்க" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். உள்ளே கரியடுப்புப் பக்கத்தில் நான் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தேன். தலையில் குரங்குக் குல்லாவும் கழுத்தில் மப்ளருமாக நின்ற அக்கா, "ஏ தங்கச்சி, சினிமாக்காரி கணக்கா ஒரு பார்வ பாரு" என்றதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்தது, பிழைத்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க மனசு வரவில்லை. நெகட்டிவோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் போட்டுவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டுத்தான் சேலை மாற்றுவேன். அவர் எதுவும் கேட்டதில்லை.

எட்டொன்பது வருஷம் ஓடியது. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டிருந்தோம். ஒத்தாசைக்கு வந்த நாத்தனார், "மதினி, இந்தப் பொட்டியையும் ஒழிச்சிரட்டுமா?" என்று மூடியில் கை வைத்துவிட்டாள். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது! ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இன்றைக்குத் தப்பித்தாயிற்று, நான் செத்த பிறகு யார் கையில் சிக்குமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அன்றைக்கே படத்தையும் நெகட்டிவையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

புது வருஷத்துக்குக் கன்னிவாடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், அவர் முகமே சரியில்லை. பெட்டி கலைந்து கிடந்தது.

"அந்தப் படம் எங்க புள்ள?"

எரித்துவிட்டேன் என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஊருக்குப் போறப்பெல்லாம் எடுத்துப் பாப்பேன். அதுல நீ சிரிச்சுக்கிட்டு இருப்ப. அதுக்கப்புறம் அப்பிடி நீ சிரிக்கவே இல்லியே."

மறுநாளே அந்த அக்காவிடம் ஓடினேன். "நெகட்டிவத்தான் ஒங்கிட்டயே குடுத்துட்டேனே தங்கச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் வேறு என்ன இருக்கும்?

ஒரு படத்துக்கு விலை கேட்டு அவ்வளவு வாயாடியவள், அதை அடுப்பில் போடுமுன் என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இன்றைக்கும் என் மனசு அடித்துக்கொள்கிறது.