பேய் காட்டிப் பிழைத்த மர்டோ ரென்னி

மர்டோ ரென்னி மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. அத்தனை வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒரு நாள்கூட அவன் என்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து பீர் குடித்ததில்லை.

காரணம் இருந்தது. காரணம் இருந்தால் வருத்தம் வராதா என்ன? எங்கள் எடின்பரோவில் சுற்றுலாக்காரர்களைப் பேய்க்கதை சொல்லி இருட்டுச் சந்துகளில் கூட்டிப்போகும் சாயங்காலப் பேய் நடை எல்லாம் கடைசியில் ஏதாவது ஒரு பப்பில்தான் முடியும். மர்டோ கறுப்பு மேலங்கியும் உயரத் தொப்பியுமாகக் கதை சொல்லிக்கொண்டு முன்னால் போவான். நான் பாய்ச்சல்காரன். சந்து இருட்டில் ஒளிந்து நிற்க வேண்டும். அவன் கதையில் இன்ன சொல் வந்தது என்றால் கூட்டத்தின் மேல் பாய வேண்டும். அலறுவார்கள், பக்கத்தில் இருப்பது யார் என்று பார்க்காமல் கட்டிக்கொள்வார்கள், அப்புறம் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அதே ஆட்கள் பப்பில் மர்டோவைச் சுற்றி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பேய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிப்ஸில் சாஸ் ஊற்றித் தின்றால் தொழில் என்ன ஆகும்? அதனால் நான் உள்ளே வந்தால் அவன் யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் கதவோரம் நின்று குடித்துவிட்டுக் கிளம்புவேன். சரி, அது வேலை நாள். வேலை இல்லாத நாளிலும் அப்படித்தான். கேட்டால், "பழக்கத்தைக் கெடுக்காதே" என்பான்.

மர்டோ லீத் துறைமுகத்தில் பிறந்தவன். அப்பா கப்பலில் மூட்டை இறக்கியவர், குடித்தே செத்தவர். மர்டோ சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டான். ஆனாலும் என்னைவிட ஒரு வருஷம் கூடப் படித்தவன் என்பதைச் சமயம் பார்த்துச் சொல்லிக்காட்டுவான். பீர் ஆலையில் லாரி ஓட்டினான். பப் வாசலில் நின்று நிலவறைக்குள் பீப்பாய் உருட்டும்போது, கீழே நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே அவனுக்கு அந்தப் பெரிய தொண்டை வந்தது. பிறகு ஆலையை மூடிவிட்டு அங்கே அடுக்குமாடி கட்டினார்கள். தலை நரைத்த காலத்தில் வேலை தேடிப் போனவனுக்குத் தொண்டைக்காகத்தான் பேய் நடையில் இடம் கிடைத்தது. "பேயைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்களாம். "எங்க அப்பனை நீங்க பாத்ததில்ல" என்றானாம்.

பேயை அவன் நம்பியதே இல்லை. "செத்தவன் திரும்பி வந்து இந்த ஊர் மழையில எதுக்குடா நிக்கணும்? புத்தி இருந்தா ஸ்பெயினுக்குப் போவான்" என்பான்.

அவன் மனைவி பெயர் செங்கா. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. குட்டையாக, வாயாடியாக இருப்பாள். என்னை எங்கே பார்த்தாலும், பஸ் நிறுத்தமாக இருந்தாலும், "என்ன டூகி, இன்னைக்கு எத்தனை பேரை மூத்திரம் போக வெச்சே?" என்று கத்துவாள். மர்டோ நெளிவான். பனிக்காலத்தில் நான் ஒளிந்து நிற்கும் வாசலில் எனக்கென்று ஒரு ஃபிளாஸ்க் சூப் இருக்கும். மர்டோ வைத்துவிட்டுப் போயிருப்பான். கொடுத்தனுப்பியது அவள். இரண்டு பேருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளுக்கு நுரையீரலில் புற்று வந்தது. கோடை முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அப்போதே பாதி ஆளாகியிருந்தாள். எழுந்து நடந்தால் சுவரைத் தடவிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஓர் அடி வைத்து நின்று, அப்புறம் அடுத்த அடி. ஆனால் வாய் மட்டும் இளைக்கவில்லை.

"டூகி, இந்த ஆளைப் பாரு. இத்தனை வருஷமா ஊரை ஏமாத்தறான். ஒரு பேயையாவது காட்டியிருக்கானா?"

"நான் காட்டியிருக்கேனே" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா? உன் மூஞ்சிக்கு வேஷமே வேண்டாம்." இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு மர்டோ பக்கம் திரும்பினாள். "நான் வர்றேன்டா. உன் கும்பலுக்கு முன்னாலயே வர்றேன். ஒரு தடவையாவது நிஜமானதைக் காட்டிட்டு ஓய்வெடு."

"வாயை மூடு, செங்கா."

"எங்கிட்ட டிக்கெட் கேட்டுடாதே."

அவன் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நவம்பரில் அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த கையோடு மர்டோ வேலைக்கு வந்துவிட்டான். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்றான். கதை எல்லாம் முன்போலத்தான் சொன்னான். ஒன்று மட்டும் மாறியது. பேய் நடை கூட்டிப்போகிறவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவார்கள். எங்கள் சந்துகள் அப்படி, சந்துக்குள் சந்து, படிக்குக் கீழே படி, ஆள் தவறிப்போவது சுலபம். மர்டோ இரண்டு இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தான். குறைகிறதா என்று பார்ப்பதுதான் தொழில். இவன் கூடுகிறதா என்று பார்த்தான்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அப்படி என்னத்தை எண்ணுற?"

"ஒருத்தர் அதிகமா இருந்த மாதிரி இருந்துச்சு."

"இருந்தாங்களா?"

"இருந்தான். ஜெர்மன்காரன். காசு குடுக்காம நடுவுல ஒட்டிக்கிட்டவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. செத்தவன் ஸ்பெயினுக்குப் போவான் என்று சொன்ன ஆள், ஒரு நோயாளி வேடிக்கையாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான்.

ஜனவரியில் பார்லி சந்தில் கட்டட வேலைக்குச் சாரம் கட்டினார்கள். நான் வழக்கமாக நிற்கும் வாசலை மறைத்துவிட்டார்கள். நடையை நடத்தும் ரோனா எனக்கு மட்டும் போன் செய்து, மேலே படிக்கட்டு முனையில் நில்லுங்கள் என்று சொன்னாள். சின்னப் பெண், ஆயிரம் வேலை, மர்டோவிடம் சொல்ல மறந்துவிட்டாள். போதாததற்கு என் கறுப்பு வேஷம் முந்தின நாள் மழையில் நனைந்து காயவில்லை. பெட்டியில் கிடந்த பழைய சாம்பல் நிற அங்கியைப் போட்டுக்கொண்டேன்.

அங்கே மர்டோ சொல்லும் கதை கொள்ளைநோய்க் காலத்துக் கதை. நோய் வந்த மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போன புருஷன். அதில் 'சாவி' என்ற சொல்தான் எனக்குக் குறி. சொன்னான். பாயலாம் என்று காலை எடுத்தேன், படி முழுக்க உறைபனி. பாய்ந்தால் பல் போகும். என்ன செய்வது? சுவரைப் பிடித்துக்கொண்டேன். வழுக்குகிறதா என்று தலையைக் குனிந்து பார்த்து, ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்து இறங்கினேன். அப்போது நான் யாரையும் நினைக்கவில்லை. என் முழங்காலைத்தான் நினைத்தேன்.

"செங்கா?" என்று கீழே ஒரு குரல் கேட்டது. கதை சொல்கிற குரல் இல்லை. "செங்கா, வந்துட்டியா?"

நிமிர்ந்து பார்த்தேன். மர்டோ தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். கன்னம் எல்லாம் நனைந்திருந்தது. என் முகத்தில் விளக்கு வெளிச்சம் பட்டது. யார் என்று அவனுக்குத் தெரிந்த அந்த நொடியை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கூட்டம் கை தட்டியது. அலறவில்லை, கை தட்டியது. நாடகக் கொட்டகையில் தட்டுவது போல.

மறுநாள் ரோனா குதித்துக்கொண்டு வந்தாள். "மர்டோ, நேத்து என்ன பண்ணீங்க? எல்லாரும் இன்டர்நெட்டுல அதைத்தான் எழுதியிருக்காங்க. அந்தப் பேரு, அந்த அழுகை! தினமும் அதை வெச்சுக்கலாமா?"

"அது அவன் பொண்டாட்டி பேரு" என்றேன்.

அவள் முகம் செத்துவிட்டது. "ஐயோ, மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது. வேண்டாம், வேண்டவே வேண்டாம்."

"வெச்சுக்கலாம்" என்றான் மர்டோ.

அவள் போனதும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு என்ன, மரை கழண்டுடுச்சா?"

"டேய், யோசிச்சுப் பாரு. தினமும் ரெண்டு நடை. ஒரே இடம், ஒரே பேரு. எங்க இருந்தாலும் காதுல விழாதா? அவளுக்குப் பாம்புக் காது. நான் பிஸ்கட் டப்பாவைத் தொட்டா குளியலறையில இருந்து சத்தம் போடுவா."

"அப்ப நடுவுல நான் எதுக்கு?"

"கும்பலுக்கு யாராச்சும் வரணும்ல. அவ வர்ற வரைக்கும் நீ வா."

நான் வந்தேன். சாம்பல் அங்கியைப் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தினமும் இரண்டு தடவை வந்தேன். அவள் ஊற்றிக் கொடுத்த சூப்பைக் குடித்த உடம்பு இது. முதல் சில வாரம் அவன் கூப்பிடும்போது எனக்கே மயிர் கூச்செறியும். அப்போதெல்லாம் அவன் கண் என் மேல் இருக்காது. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் இருக்கும் படியைப் பார்ப்பான்.

போகப் போக அவன் என்னைப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு கூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான். பேரைச் சொல்வதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா நின்றால் நல்லது, தொப்பியை எப்போது கழற்றினால் படம் எடுக்கிறவர்களுக்குத் தோது, எல்லாம் படிந்துவிட்டது. குரல் சரியான இடத்தில் உடைந்தது. தினமும் அதே இடத்தில். அவ்வளவு நன்றாக அவன் எந்தக் கதையையும் சொன்னதில்லை.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமையோடு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. மேலங்கியையும் தொப்பியையும் ரோனாவின் மேஜையில் வைத்துவிட்டு மர்டோ கிர்க்கால்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே காலையில் கடல் ஓரம் நடப்பான், சாயங்காலம் டிவி பார்ப்பான். வெளிச்சம் நீண்டுகொண்டே போகிற மே மாதத்தில் நாற்காலியில் இருந்தபடி இதயம் நின்றது. அடக்கத்துக்கு நாங்கள் கொஞ்சம் பேர் போனோம். பாதிரியார் அவன் பீர் லாரி ஓட்டியதைப் பற்றி மட்டும் பேசினார். பேய் விஷயம் தங்கைக்குப் பிடிக்காதாம்.

இனி அந்த வியாழக்கிழமை.

பப்புக்குப் பின்னால் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறை உண்டு. நான் வேஷம் மாற்றும் இடம். மர்டோ அங்கே எட்டிப் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு வந்து, கவிழ்த்த பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

"நேத்து அவ பேரைச் சொல்லிட்டு நின்னேனே, அப்ப நான் என்ன நெனச்சேன் சொல்லு பாப்போம்."

"எனக்கு என்ன தெரியும்?"

"முட்டை. வீட்டுல முட்டை இருக்கா, வாங்கிட்டுப் போகணுமான்னு."

"மனுஷன்னா பசிக்கும், மர்டோ."

"பசிக்கட்டும்டா. கண்ணுல தண்ணி வந்துச்சு, அதைச் சொல்றேன். முட்டையை நெனச்சுக்கிட்டே அழுதிருக்கேன்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அவ பேரு அது. அந்தப் பேரைத் தவிர எங்கிட்ட இருக்கிறதெல்லாம் சட்டி பானைதான். அதையும் தேச்சுத் தேச்சு ஒண்ணுமில்லாம ஆக்கிட்டேன்."

அங்கியின் கயிற்றைக் கட்டுவது போல் நின்றேன்.

"நான் கூப்பிட்டதும் நீ வந்து நிக்கற. அவ எந்த வழியா வருவா? இன்னைக்கு நீ வராதே."

"கும்பல்?"

"நிக்கட்டும்."

சாரத்தை அதற்குள் பிரித்துவிட்டார்கள். நான் என் பழைய வாசலில், கதவோடு கதவாக நின்றேன். தூறல். கூட்டம் பெரிதில்லை. இத்தாலிக்காரப் பிள்ளைகள் சிலர், கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு குடும்பம், குடைக்குள் ஒரு ஜோடி. மர்டோ கதையைச் சொன்னான். அவசரமாக, பாதியை விழுங்கிச் சொன்னான். சாவி வரைக்கும் வந்து நிறுத்தினான்.

"செங்கா" என்றான்.

சமையலறையில் இருந்துகொண்டு பக்கத்து அறையைக் கூப்பிடுவது போல இருந்தது. எல்லாத் தலையும் படிக்கட்டின் மேலே திரும்பியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நானும் மேலே பார்த்தேன், பார்த்ததை மறைப்பானேன்.

"செங்கா."

கிளாஸ்கோக்காரி களுக்கென்று சிரித்தாள். புருஷன் அவள் முழங்கையை இடித்தான். மர்டோ இன்னும் ஒரு தடவை கூப்பிட்டான். மூன்றாம் தடவை சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அதற்குள் ஒரு பையன் கைபேசியில் விளக்கைப் போட்டுப் படிக்கட்டின் மேலே அடித்தான். எல்லோரும் நன்றாகப் பார்த்தோம். நனைந்த கல். ஒரு காலி சிப்ஸ் பாக்கெட். மேலே தெருவில் போகும் காரின் சத்தம்.

"இவ்வளவுதானா?" என்றான் குடைக்காரன்.

மர்டோ படியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேலங்கி நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. யாரோ இருமினார்கள். யாரோ மணி பார்த்தார்கள். அவன் மெதுவாகத் தொப்பியைத் தலையில் வைத்தான். என் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"டூகி" என்றான், கூட்டத்துக்குக் கேட்கும்படியே. "வெளிய வாடா. இவங்க மழையில நிக்கறாங்க."