ஏழாம் வகுப்பு கட்டிய புற்று

அந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. சுற்றி வளைக்கத் தேவையில்லை. என் வகுப்பை எடுத்துக்கொண்டாள், அதனால்தான்.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியர். ஏழாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் என்னுடையவை. பூஜாடி, மாம்பழம், இரண்டு மலைக்கு நடுவே சூரியன். பிள்ளைகள் வாய் பேசாமல் வரைவார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். அடையாற்றிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் வருகிறாளாம். இயற்கையைப் பார்த்து எப்படிக் கட்டடம் கட்டுவது என்று ஏழாம் வகுப்புக்குச் சொல்லித்தருவாளாம். பெற்றோர் தினத்தில் அவள் செய்து காட்டுவது நன்றாக இருந்தால் அந்த இரண்டு பீரியடும் அவளுக்கு. இல்லாவிட்டால் பழையபடி எனக்கு.

"அதுவரைக்கும் நீங்க கூட இருந்து ஒத்தாசை பண்ணுங்கோ சார்" என்றார். என் வகுப்பிலேயே நான் எடுபிடி.

முதல் வாரம் அவள் ஒரு பனையோலை விசிறியோடு வந்தாள். இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஒரு காகிதத்தைப் பாலம் மாதிரி வைத்து, அதன்மேல் டஸ்டரை வைத்தாள். காகிதம் தொங்கி டஸ்டர் விழுந்தது. அதே காகிதத்தை ஓலையில் இருக்கிற மாதிரி மடிப்பு மடிப்பாக மடித்து மறுபடி வைத்தாள். டஸ்டர் நின்றது. வகுப்பே கத்தியது. எத்தனை வருஷமாக அதே டஸ்டரால் போர்டு துடைக்கிறேன், அதைப் பார்த்து ஒருத்தரும் கத்தியதில்லை.

பெற்றோர் தினத்துக்குக் கறையான் புற்று கட்டலாம் என்றாள். கறையான் ஃபேன் இல்லாமலேயே தன் வீட்டைக் காற்றோட்டமாக வைத்துக்கொள்கிறதாம். நிழல் இருக்கிறதென்று வேப்ப மரத்தடியைப் பிடித்தாள். பிள்ளைகள் களிமண் குழைத்து, உள்ளே அறை அறையாக வைத்து, நெஞ்சு உயரத்துக்குக் கட்டினார்கள். இரண்டு பாதியாகச் செய்து ஒட்டவைத்திருந்தார்கள். பெற்றோர் முன்னால் அதைப் பிரித்து உள்ளே காட்டுவதாகத் திட்டம்.

முந்தின நாள் ஒத்திகை. உள்ளே சூடு வேண்டும் என்று ஓர் அகல் விளக்கை ஏற்றி வைத்தாள். கீழே இருந்த துளை ஒன்றின் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை உள்ளே இழுபட்டு உச்சித் துளை வழியாக வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சல்.

"மேடம், இது வேணாம்" என்றேன். "வேப்ப மரம், புத்து, விளக்கு, ஊதுபத்தி. நாளைக்கு ஆடி வெள்ளி வேற. வர்றவங்க கும்புட ஆரம்பிச்சிடுவாங்க."

அவள் சிரித்தாள். "சயின்ஸ் மாடல்னு போர்டு வெச்சிருக்கோமே சார்!"

"சாருக்குப் பாம்புன்னா பயம் மிஸ்" என்றான் ஒரு பையன். போன வருஷம் என் முன்னால் வாயே திறக்காதவன்.

மறுநாள் காலையில் நாங்கள் போவதற்குள் பள்ளி ஆயா வேலையை முடித்திருந்தார். புற்று முழுக்க மஞ்சள், குங்குமம். போர்டை மறைத்து வேப்பிலைக் கொத்து. துளைக்குத் துளை பால். அடியில் ஒரு முட்டை.

"ஐயோ ஆயா, இது பசங்க செஞ்சது. உள்ள ஒண்ணும் இல்ல!" என்றாள் அவள்.

"உள்ள இன்னா கீதுன்னு நீ கண்டியா? நேத்து நீதானம்மா வெளக்கு ஏத்தி ஊதுபத்தி காட்டுன? காட்டிட்டு பால் ஊத்தாம வுட்டா ஆத்தா சும்மா வுடுமா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். என் வகுப்பு திரும்பி வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

புற்றுச் சேதி பரவி, பெற்றோர் கூட்டமாக வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். அவள் புற்றின் பக்கத்தில் நின்று காற்றோட்டத்தைப் பற்றிப் பேசினாள். உள்ளே அகல் பாலில் நனைந்து, மறுபடி ஏற்ற முடியாமல் போயிருந்தது. துளையெல்லாம் மஞ்சள் அடைத்திருந்தது. அவள் ஊதுபத்தியை நீட்டியதும் புகை உள்ளே போகாமல் கூட்டத்தின் பக்கம் வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பிரிச்சுக் காட்டிடலாம்" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். இரண்டு பேர் ஒட்டில் கை வைத்தார்கள்.

"டேய், கைய எடுடா!" என்று ஓர் அப்பா கத்தினார். "ஆடி வெள்ளியில புத்த உடைக்கிறதா? இதான் சொல்லித்தர்றாங்களா ஸ்கூல்ல?"

தலைமையாசிரியை ஓடி வந்தார். "யாரும் தொட வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்று கைகூப்பினார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். வகுப்பைத் திருப்பித் தரத்தான் கூப்பிடுகிறார் என்று வேகமாகப் போனேன்.

"பார்த்தேளா சார்? பெற்றோர் தினத்துக்கு இவ்ளோ கூட்டம் என்னைக்கு வந்திருக்கு? எங்காத்துல சொன்னா நம்பவே மாட்டா. அந்தப் பொண்ணு கைராசிக்காரி. ஏழாம் கிளாஸ் அவகிட்டயே இருக்கட்டும். அவள வரச் சொல்லுங்கோ."

"மேடம், அங்க பாடமே நடக்கல. புகை உள்ளயே போகல."

"அதையெல்லாம் யார் கேட்டா?"

நான் சொன்னது அப்படியே நடந்தது. நடந்ததால்தான் அவள் ஜெயித்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வெளியே வந்தேன். அவள் வேப்ப மரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வகுப்பு அவளுக்கே என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

"மிஸ், உள்ள நாங்க பண்ண ரூம யாருமே பாக்கலயே" என்று ஒரு பெண் தேம்பினாள். என்னைக் கிண்டல் செய்த பையனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு கட்டலாம்டா. வேற எடத்துல" என்றாள் அவள்.

"மொட்டை மாடியில மிஸ்" என்றான் அவன். "ஆயாவுக்கு முட்டி வலி, ஏற மாட்டாங்க."

அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் நின்று பார்த்தேன். என் வகுப்பில் யாரும் எதற்காகவும் அழுததில்லை. மார்க் போட்டுக் கொடுத்தால் மாம்பழத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு போவார்கள். அதை யாராவது பார்த்தார்களா, பார்க்கவில்லையா என்று ஒரு பிள்ளைகூடக் கவலைப்பட்டதில்லை. பீரியட் போனதுகூடப் பரவாயில்லை. இதுதான் வயிற்றெரிச்சல்.

அவள் என்னைப் பார்த்து எழுந்தாள். "நீங்க சொன்னீங்க சார். நான்தான் கேக்கல."

"ஹெச்.எம். மேடம் கூப்பிடுறாங்க, போங்க" என்றேன். நல்ல சேதிதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகம் அவ்வளவு வாடியிருந்தது. சொல்ல மனசு வரவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.