பால்டின் காகிதத்துக்கு வந்த கேரியர்

ரவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பை ஒட்டியிருக்கும் சூப்பர்மார்க்கெட்டில் போன வாரம் ஒரு நீள வரிசையை நிறுத்திவைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கல்லாவில் இருந்த பெண் என் அட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பாயிண்ட் நெறைய சேர்ந்திருக்குலா. மாசக் கடைசியில எக்ஸ்பயர் ஆயிரும். ஏதாச்சும் சாமான் எடுத்துக்கிறீங்களா?" என்றாள். என்ன சாமான் என்று கேட்டேன். பின்னால் திரும்பி, நீல மூடி போட்ட பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். வேலைக்குப் போகிறவர்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோகும் பெட்டி. அதைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

காலிப் பெட்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அதில் என் அண்ணி தெரிந்தார்.

பாயிண்ட் சேர்ப்பது, செலவழித்த காசில் கொஞ்சம் திரும்பி வருவது, இதெல்லாம் தன் காலத்தில்தான் வந்தது என்று என் மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஐந்து வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்று கைப்பேசி சொன்னால் போதும், எண்பது வெள்ளிக்குச் சாமான் வாங்கி வந்து இறக்குவான். நான் திட்டுவதில்லை. எங்கள் குடும்பத்தில் இந்தப் பைத்தியத்தைத் தொடங்கிவைத்தது அண்ணி. கூடவே துணைபோனது நான்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, அவசரகாலம். கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் ரப்பர் எஸ்டேட். காட்டில் ஒளிந்திருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்டவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, தூரதூரமாக இருந்த தொழிலாளர் லய வீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றி முள்ளுக்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை சோறு வெளியே போகக் கூடாது. விடியுமுன்னே பால்மரம் சீவப் போகிறவர்கள், பாலும் சீனியும் போடாத தேத்தண்ணியை ஒரு போத்தலில் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். சீவி முடித்து, பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர மதியம் தாண்டிவிடும். அதுவரை வயிறு காய வேண்டியதுதான்.

எனக்குப் பதினாறு வயது. புல்லு வெட்டும் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அப்பா அம்மா இல்லை, அண்ணன்தான் என்னை வளர்த்தார். அண்ணன் கை சுத்தமாக மரம் சீவுவார், ஆனால் வயிறு சரியில்லாதவர். பசி மீறினால் வலி சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் மரத்தடியிலேயே விழுந்துவிட்டார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்து, "வயித்தக் காயப் போடாத" என்று சொல்லி அனுப்பினார்கள். காயப் போட்டது யார் என்று அண்ணன் கேட்கவில்லை. அவர் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்.

அண்ணி கேட்பார். அவர் கல்யாணமாகி வந்த புதிது. லயத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை. சுங்கை புரோங்கில் நெல் ஆலையில் வேலை செய்தவரின் மகள். அங்கே அவருடைய அம்மா தினமும் மதியம் சுடுசோற்றைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கு நடந்துபோய், புருஷன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாராம். குடும்பம் நடத்துவது என்றால் அதுதான் என்று அண்ணி மனதில் பதிந்துபோயிருந்தது. அண்ணன் விழுந்த மறுநாளே கேட்டுக்குப் போய், காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையனிடம், ஒரு கைப்பிடி சோறு மட்டும் அனுப்ப விடுவாயா என்று கேட்டார். "தக் போலே, அக்கா" என்றான் அவன். முடியாது என்று சொல்லும்போது அவன் முகம்தான் தொங்கிப்போனது. அண்ணி திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அண்ணி அழுதால் எனக்கும் வந்துவிடும், காரணம் கேட்டுக்கொண்டெல்லாம் இருக்கமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் காக்கா கடையில் ஒரு படம் ஒட்டினார்கள். எங்கள் சாலை பெரிய சாலையில் போய்ச் சேரும் முனையில் இருந்தது அந்தக் கடை. நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம் ஒருவர் நடத்தினார். எல்லாருக்கும் அவர் காக்கா. சாமான் கட்டிக் கொடுத்த பிறகு கொசுறாக ஒரு கொத்துக் கருவேப்பிலை வைப்பார், என்னைப் பார்த்தால் ஒரு மிட்டாய். அரிசியும் சீனியும் பங்கீட்டில் இருந்ததால் அதில் ஒரு மணிகூடக் கூட்டிக் கொடுக்க முடியாது. அந்த மனக்குறையை அவர் கருவேப்பிலையில் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு ரசத்தில் அந்தக் காலத்தில் கருவேப்பிலைதான் அதிகம் மிதக்கும்.

படத்தில் இருந்தது குடை மார்க் டின்பால். டின்னைச் சுற்றியிருக்கும் காகிதத்தைக் கழற்றிச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. கொஞ்சம் காகிதத்துக்குக் கண்ணாடிக் கிளாஸ், அதற்கு மேல் தட்டு, பெரிய கட்டாகக் கொடுத்தால் நாலடுக்கு டிபன் கேரியர். வெள்ளை எனாமல், பச்சைக் கரை, மூடியில் சிவப்புப் பூ. அண்ணி அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"புள்ள, இது நமக்கு வேணும்."

"எதுக்கு அண்ணி? கேட்டுல விடமாட்டானே."

"எப்பவும் இப்படியேவா இருக்கும்? ஒருநாளைக்கு விடுவாங்க. அன்னிக்கு நம்மகிட்ட ஏனம் இல்லாம நிக்கக் கூடாது."

அதுவரை எங்கள் வீட்டில் வெறும் தேத்தண்ணிதான். அன்றிலிருந்து பால் தேத்தண்ணி, அதுவும் கரண்டி நிற்கும் பதத்தில். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு ஏறியது என்பதை நாங்கள் யாரும் பேசவில்லை. டின்னில் விழுந்த ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சி, அண்ணியின் திட்டத்துக்கு நான் செய்த உதவியைச் சொல்லி முடியாது. இன்றைக்கும் அந்தக் கெட்டிப்பால் வாசனை வந்தால், அண்ணனின் வேலைச் சட்டையில் காய்ந்திருந்த ரப்பர்பாலின் புளிச்ச வாடையும் கூடவே வந்துவிடுகிறது. ஒன்றில்லாமல் மற்றதை என்னால் நினைக்க முடியவில்லை.

ஓட்டை என்றேனே, அதுதான் பெரிய தொல்லை. டின்னில் அடைத்த எதையும் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஓட்டை விழுந்த டின் நாளாக நாளாகக் கெட்டுவிடும், பதுக்கிவைத்துக் காட்டுக்குக் கடத்த முடியாது. காக்கா ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். வீடு போய்ச் சேருமுன் பால் வழிந்து, காகிதம் பிசுபிசுத்து, எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். கறைபட்ட காகிதம் செல்லாது என்று படத்திலேயே போட்டிருந்தது.

"அண்ணே, மொதல்ல சட்டையக் கழட்டிருங்க. அப்புறம் குத்துங்க" என்றார் அண்ணி.

காக்கா சிரித்துவிட்டார். "டின்னுக்குக் கூடவா குளிப்பாட்டி விடணும், தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே, நகத்தால் மெதுவாக உரித்துக் கொடுத்தார். பிறகு எங்கள் டின்களுக்கு எப்போதும் அப்படித்தான். ஆனால் சட்டையில்லாத டின்னைக் கண்டால் கேட்டுப் பையனுக்குச் சந்தேகம். உள்ளே என்ன என்று கேட்பான். அண்ணி அவன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். நக்கிப் பார்த்து, "சூசு" என்று தலையாட்டி உள்ளே விடுவான். பால் என்று முதல் தடவையே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டினான் என்றால், அவனுக்கும் என்னைப் போல நாக்கு.

விஷயம் லயம் முழுக்கப் பரவியது. அண்ணன் விழுந்ததை எல்லாரும் பார்த்தவர்கள்தானே. கிளாஸ் வாங்கலாம் என்று சேர்த்தவர்கள்கூட, "இந்தா, ஒன் கேரியருக்கு வச்சுக்க" என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆயாவும் கொட்டகை டின்களின் காகிதத்தை எடுத்து வைத்திருப்பார். அண்ணி எல்லாவற்றையும் பாய்க்கடியில் விரித்து, அதன் மேல் படுத்துத்தான் தூங்குவார். காலையில் எடுத்தால் இஸ்திரி போட்டது மாதிரி இருக்கும்.

டின்பால் கம்பெனியின் மோட்டார் வண்டி காக்கா கடை வாசலுக்கு வந்த நாளில் அண்ணியும் நானும் போனோம். தொப்பி போட்டிருந்த ஆள் ஒவ்வொரு காகிதமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்றவர்கள் கொடுத்ததில் பலவற்றில் கறை இருந்தது. தனியே ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். முடிவில், "கொறையுதும்மா. வேணும்னா தட்டு வாங்கிக்கங்க. இனிமே இந்தப் பரிசு கெடையாது" என்றார்.

எதையும் கேட்டுவிடுகிற அண்ணி, அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றார். எனக்குக் கோபத்தில் கண் எரிந்தது.

காக்கா கல்லாவை விட்டு எழுந்தார். பின்னால் இருந்த பலகையிலிருந்து விற்காத டின்களை இறக்கி, ஒவ்வொன்றின் சட்டையாகக் கழற்றி அந்த ஆள் முன்னால் வைத்தார். "இதச் சேத்து எண்ணுங்க."

"அண்ணே, இத அப்புறம் யாரு வாங்குவா?" என்றார் அண்ணி.

"என்னா தங்கச்சி, இத்தன நாளு நீங்க எங்கிட்டத்தானே வாங்குனீங்க."

கேட்டில் வம்பு எதற்கு என்று அந்த மொட்டை டின்களை யாரும் தொடவில்லை. நோன்பு மாதம் வரைக்கும் காக்காவே அதில்தான் தேத்தண்ணி கலக்கிக் குடித்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். வாடிக்கை என்ற வார்த்தையை எங்கே கேட்டாலும் எனக்கு அந்த வெறும் டின் வரிசைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கேரியர் வந்துவிட்டது. சட்டம் மாறவில்லை. அண்ணி அசரவில்லை. "சும்மாவாச்சும் கொண்டுபோங்க. கைக்குப் பழகட்டும்" என்று காலிக் கேரியரை அண்ணன் கையில் கொடுத்தனுப்பினார். கேட்டுப் பையன் நாலு அடுக்கையும் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப அடுக்கிக் கொடுப்பான். கூட வேலை செய்தவர்கள் அண்ணனை எப்படியெல்லாம் கேலி செய்தார்கள் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், அண்ணி கோபித்துக்கொள்வார். ஆனால் அண்ணன் அதை ஒருநாளும் காலியாகத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஓடைக்கரைக் கீரை, மழை பெய்த மறுநாள் காளான், எங்கோ உதிர்ந்து கிடந்த ஜம்புப் பழம் என்று ஏதாவது ஒன்று ஓர் அடுக்கிலாவது இருக்கும். வெளியே போவதைத்தானே தடுத்தார்கள், உள்ளே வருவதை யாரும் தடுக்கவில்லை. அதைச் சமைத்து, மதியம் தாண்டி இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வலி வந்த நாட்களில் அண்ணன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடமாட்டார். அண்ணியும் தட்டை நகர்த்திவைத்துவிடுவார்.

ஒருநாள் எங்கள் வட்டாரத்தை, ஆபத்து நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். இனி சோறு கொண்டுபோகலாம். அன்றிரவு அண்ணி தூங்கினாரா என்றே தெரியவில்லை. நாலு அடுக்கிலும் சோறு, பருப்பு, நெத்திலிக் கருவாடு, காளான் பிரட்டல். கேரியரை அண்ணன் கையில் கொடுக்கும்போது அண்ணி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மதியம் அண்ணன் திரும்பி வந்தார். அண்ணி கேரியரை வாங்கியதும் கனத்தில் கை தாழ்ந்தது. திறந்தார். எதுவும் தொட்டிருக்கவில்லை.

"வலிச்சுச்சாங்க?"

"இல்ல."

"பின்ன ஏன் திங்கல?"

அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தொறந்து வச்சேன். தனியா எறங்கல. இத்தன நாளும் ஒன்கூட உக்காந்தே தின்னு பழகிருச்சு."

"இதுக்கா நான் ஊருல உள்ள காகிதத்த எல்லாம் பொறுக்குனேன்?" என்று அண்ணி சத்தம் போட்டார். போட்டுக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே சிரித்தும்விட்டார். ஆறிப்போன அந்தச் சோற்றை அன்றைக்கு மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை ஆயாவிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு அண்ணியே கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கேட்டில் அதே பையன். அடுக்கைத் திறக்காமல், "மாக்கான், அக்கா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நின்றானாம். சாப்பாடா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லக்கூடத் தனக்கு வாய் வரவில்லை என்று அண்ணி சொல்வார். அன்றிலிருந்து தினமும், நான் புல்லு வெட்டிக்கொண்டிருந்த மேட்டிலிருந்து பார்த்தால், ரப்பர் மரத்தடியில் இருவரும் அடுக்குகளைப் பிரித்துவைத்து எதிரெதிரே உட்கார்ந்திருப்பது தெரியும். அண்ணனுக்கு வலி குறைந்துகொண்டே வந்தது. அங்கே எனக்கு என்ன வேலை? ஆனாலும் கருவாட்டு வாசம் வந்தால் கூப்பிடாமலே போய்விடுவேன். இருவரும் நகர்ந்து இடம் விடுவார்கள்.

இப்போது அந்த ரப்பர் மரங்கள் இல்லை. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்று, வீடுகள் வந்துவிட்டன. காக்கா கடை இருந்த முனையில் கைப்பேசி விற்கிறார்கள். அண்ணன் முதலில் போனார். அதற்குப் பிறகு அண்ணி அந்தக் கேரியரைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அண்ணியும் போய், வீடு மாறியபோது அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் தேடாமல் இல்லை.

கல்லாப் பெண்ணிடம் கேட்டேன். "இதுல ரெண்டு பேருக்குச் சோறு கொள்ளுமா, பாப்பா?"

"கொள்ளாது ஆன்ட்டி. இது ஒரு ஆளுக்குத்தான்."

"அப்ப வேண்டாம்லா."

"பாயிண்ட் போயிருமே, ஆன்ட்டி."

"போகட்டும்" என்றேன். வாங்கியிருந்த பால்டின்னை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் அதை மேசையில் வைத்து, பழக்கத்தில் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். படத்தை இப்போது தகரத்திலேயே அச்சடித்துவிடுகிறார்கள், கழற்ற ஒன்றும் இல்லை.